விளக்கு வைக்கும் நேரமும் சார்ஜ் போடும் நேரமும்

என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்பவர்களிடம் தரை சுரண்டுகிறேன் என்று சொன்னால், வீட்டு வேலைக்குப் போகிறவள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். திருத்திச் சொல்ல இப்போதெல்லாம் எனக்குத் தெம்பில்லை. ஆமாம் என்று தலையாட்டிவிட்டு டீயைக் குடித்துவிட்டு வந்துவிடுவேன்.

நான் ஓட்டுவது பேட்டரியில் ஓடும் ஒரு வண்டி. ஏறி உட்கார்ந்து இரண்டு பக்கமும் உள்ள கைப்பிடிகளைத் தள்ளியும் இழுத்தும் ஓட்ட வேண்டும். முன்னால் அகலமான இரும்புத் தகடு ஒன்று, முனை கூராக, தரையோடு ஒட்டி நிற்கும். பழைய வினைல் விரிப்போ டைல்ஸோ எதுவானாலும், அந்தத் தகடு அடியில் நுழைந்து பெயர்த்துக்கொண்டே போகும். அப்படிப் பெயர்க்க வண்டிக்குக் கனம் வேண்டும். அந்தக் கனத்தில் பெரும்பங்கு பேட்டரிகள்தான். ஆஸ்பத்திரி, ஜவுளிக்கடை, கல்யாண மண்டபம் என்று திருவனந்தபுரத்தில் யாராவது எப்போதும் பழைய தரை பிடிக்காமல் இருக்கிறார்கள். நான் போய் அதை எடுத்துக் கொடுத்தால், புதுத் தரை போட வேறு ஆட்கள் வருவார்கள். புதுத் தரை போட்ட பிறகு அந்த இடம் எப்படி இருக்கிறது என்று நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

உண்மையில் இது என் வீட்டுக்காரர் செய்ய வேண்டிய வேலை. சாலை பஜாரின் உள்சந்து ஒன்றில் எங்களுக்கு ஓர் இரும்புக்கடை. மாமனார் நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து போட்டது. ஆணியும் தாழ்ப்பாளும் வாங்க ஆட்கள் குறைந்ததும் இவர் வினைல் விரிப்பு விற்க ஆரம்பித்தார். விற்றால் போதாது, போட்டும் கொடுக்க வேண்டும் என்றார்கள். போட்டால் போதாது, பழையதைப் பெயர்த்தும் தர வேண்டும் என்றார்கள். உளியும் சுத்தியலுமாகக் குனிந்து குனிந்து பெயர்த்ததில் முதுகில் டிஸ்க் விலகிவிட்டது. உட்கார்ந்துகொண்டே செய்யலாமே என்று கொச்சியிலிருந்து இந்த வண்டியைப் பழையதாக வாங்கினார். வாங்கிய பிறகு டாக்டரிடம் போனில் அதன் படத்தைக் காட்டினார். இந்த அதிர்வில் ஒரு வாரம் உட்கார்ந்தால் அடுத்த தடவை உங்களை நாலு பேர் தூக்கிக்கொண்டுதான் வர வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். படத்தை முதலில் காட்டிவிட்டு வண்டியைப் பிறகு வாங்கியிருக்கலாம். எங்கள் வீட்டில் எதுவும் அந்த வரிசையில் நடப்பதில்லை.

வண்டி கோடவுனில் வந்து இறங்கி நின்றது. அவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். நான் ஏறி உட்கார்ந்தேன். மகள் கல்யாணம் முடிந்து பெங்களூரில் இருக்கிறாள். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் ஏறி உட்கார.

விற்றவர்கள் சொல்லிக்கொடுக்க ஓர் ஆளை அனுப்பினார்கள். மலையாளி, பொறுமைசாலி. நான் வண்டியில் இருந்து கேட்டேன், வீட்டுக்காரர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்று கேட்டார். வண்டியை விட்டு இறங்குவதற்கு முன் தகட்டைத் தரையில் படிய இறக்க வேண்டும், சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொள்ள வேண்டும். சரிவில் நேராக ஏறி நேராக இறங்க வேண்டும், குறுக்கே திருப்பவே கூடாது. தகடு போகும் பாதைக்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது, டைல்ஸ் சில்லு பறந்தால் கண் போய்விடும். மாடியில் ஏற்றுவதாக இருந்தால் அந்தத் தளம் தாங்குமா என்று கட்டியவரைக் கேட்காமல் ஏற்றக் கூடாது. தகடு மாற்றும்போது கையுறை வேண்டும். இதெல்லாம் எனக்கு ஒரே தடவையில் பிடிபட்டுவிட்டது. பயம் உள்ளவர்களுக்குச் சீக்கிரம் பிடிபடும்.

பேட்டரிப் பக்கம் போகும்போது உடம்பில் நகை எதுவும் தொங்கக் கூடாது என்றும் அந்த ஆள் சொன்னார். இரண்டு முனையிலும் ஒரே நேரத்தில் செயின் பட்டால் அது பழுக்கக் காய்ந்து உடம்போடு ஒட்டிக்கொள்ளுமாம். அன்றே தாலியைச் செயினிலிருந்து கழற்றி மஞ்சள் சரட்டில் கோத்து, சட்டைக்குள் விட்டு ஊக்கு குத்திக்கொண்டேன். வளையல்களைக் கழற்றி அலமாரியில் வைத்தேன். இரண்டு நாள் கழித்துப் பக்கத்து மிளகாய் மண்டிக்காரர் மனைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "செயினப் பணயம் வச்சாச்சா?" என்று கேட்டாள். இல்லை, பேட்டரிக்காகக் கழற்றினேன் என்றேன். பேட்டரி வாங்கத்தான் அடகு வைத்திருக்கிறாள் என்று சந்து முழுக்கப் பேச்சாகிவிட்டது. வளையல் இல்லாத கையால் நான் சோறு போடும்போது வீட்டுக்காரர் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

வேலை என்ன கஷ்டம், உட்கார்ந்துதானே இருக்கிறாய் என்பார்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை பல் கிட்டித்துக்கொண்டிருக்கும். அதிர்வு இடுப்பில் ஏறித் தோளில் வந்து நிற்கும். முகமூடிக்குள் என் மூச்சே எனக்குச் சூடாகத் திரும்பி வரும். பழைய பசையின் தூசி தலைமுடிக்குள் போனால் எத்தனை தடவை அலசினாலும் சீப்பில் வரும். ராத்திரி படுத்தால் கட்டில் ஓடுவது மாதிரி இருக்கும். எனக்கு ஐம்பது ஆகப்போகிறது. இந்த வயதில் என் அம்மா பேரப்பிள்ளைக்குக் காது குத்திவிட்டு மத்தியானம் தூங்கினாள்.

வித்துராவில் ஒரு மண்டபத்துக்குப் போயிருந்தோம். வாசலில் நல்ல சரிவு, மேலே ஒரு பக்கமாகத் திரும்பினால்தான் கதவு. மண்டபக்காரர், "சேச்சி, சும்மா சைடா ஏத்துங்க, டிராக்டரெல்லாம் ஏறும்," என்றார். முடியாது என்றேன். பலகை கொண்டுவந்து நேராகப் பாதை போட்டால் ஏற்றுகிறேன், இல்லாவிட்டால் டெம்போவைத் திருப்புகிறேன் என்றேன். முகம் சுளித்தார். பலகை வர மத்தியானம் ஆயிற்று. அந்த நேரம் முழுக்க நான் டெம்போவின் நிழலில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அந்த மாதத்திலேயே எனக்குக் கிடைத்த ஓய்வு அதுதான். வேறு ஆட்களிடம் நான் இப்படித்தான், முடியாது என்றால் முடியாது. வீட்டுக்கு வந்தால்தான் என் பேச்சு எடுபடாது.

ஓட்டுவது நான், சார்ஜ் போடுவது அவர். அப்படித்தான் பிரித்துக்கொண்டோம். சாயங்காலம் வண்டி வந்ததும் டெம்போக்காரரும் சுமை இறக்கும் சுமட்டுக்காரர்களும் பலகை வைத்து உள்ளே இறக்கிவிடுவார்கள். வீட்டுக்காரர் பேட்டரி மூடியைத் திறந்து வைத்து, சூடு அடங்கும்வரை காத்திருந்து, தண்ணீர் மட்டம் பார்த்து, முதலில் சார்ஜரின் வயரை வண்டியில் மாட்டி, பிறகு சுவரில் சுவிட்சைப் போடுவார். கழற்றும்போது முதலில் சுவிட்ச், பிறகு வயர். வரிசை மாறினால் பொறி பறக்கும். அவர் ஒரு நாளும் மாற்றியதில்லை. சார்ஜ் முழுக்க ஏறிய பிறகு, பால் ஊற்றுவது மாதிரி, வாய் சிறுத்த குப்பியால் பேட்டரித் தண்ணீரை ஒவ்வொரு துளையிலும் விடுவார். ஒரு சொட்டு வெளியே சிந்தினால் துணி எடுத்துத் துடைப்பார். அந்த நேரத்தில்தான் அவர் குரலில் பழைய கடைக்காரர் வருவார். தள்ளி நில்லு, அதைத் தொடாதே என்று என்னிடம் அதிகாரமாகச் சொல்வார். நானும் தள்ளி நிற்பேன்.

இதில் எங்களுக்குள் ஓயாத சண்டை ஒன்று இருந்தது. அது பின்கதவைப் பற்றியது.

எங்கள் கட்டடம் சாலையில் உள்ள பழைய கட்டடங்கள் போல ஒடுங்கி நீளமானது. முன்னால் கடை, நடுவில் ஒரு நிலைவாசல், அதற்கப்பால் கோடவுன், அதன் கடைசியில் பின்சந்துக்குத் திறக்கும் கதவு. நாங்கள் குடியிருப்பது மாடியில். கோடவுனுக்கு ஜன்னல் கிடையாது. சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும், அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, மேலே போய்க் கூரையடியில் தங்கும், ஒரு பொறி போதும் என்று சொல்லிக்கொடுத்த ஆள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். சார்ஜ் ஓடும் நேரம் முழுக்கப் பின்கதவு திறந்திருக்க வேண்டும், பக்கத்தில் நெருப்பே கூடாது. பேட்டரி கெட்டுச் சூடேறினால் அழுகிய முட்டை நாற்றம் ஒன்று வரும், அது வந்தால் எதையும் யோசிக்காமல் வெளியே போய் நிற்க வேண்டும். எங்கள் வீட்டில் முட்டையே வாங்குவதில்லை. "அழுகின முட்டை எப்படி மணக்கும்?" என்று வீட்டுக்காரர் கேட்டார். அந்த ஆள் சிரித்து, "வந்நால் அறியும் சாரே," என்றார்.

சார்ஜ் போடும் நேரமும் விளக்கு வைக்கும் நேரமும் ஒன்றாகப் போயிற்று. மாமனார் மாட்டிய சாமி படங்கள் கோடவுன் சுவரில் உயரத்தில், ஒரு பலகையில் இருந்தன. அந்தியில் அங்கே விளக்கேற்றாமல் அந்தக் கடையில் ஒரு நாளும் போனதில்லை. முன்பு நான்தான் ஏற்றுவேன். நான் வண்டியில் ஏறிய பிறகு அந்த வேலையும் அவருக்குப் போயிற்று. எந்தப் பெண்ணும் அவ்வளவு கறாராக விளக்கு வைக்க மாட்டாள். கால் கழுவி, நெற்றிக்கு இட்டு, முன்வாசலை அகலத் திறந்து, பின்கதவைத் தாழ் போட்டு அடைத்துவிட்டுத்தான் தீக்குச்சியை எடுப்பார். அந்தியில் பின்கதவு திறந்து கிடந்தால் முன்வாசலில் வரும் லட்சுமி நிற்காமல் அந்த வழியாகப் போய்விடுவாள். இது எங்கள் பக்கத்து வீடுகள் எல்லாவற்றிலும் உள்ளதுதான். நானே சின்ன வயதில் விளையாட்டை விட்டு ஓடிப்போய்ப் பின்கதவைச் சாத்தியிருக்கிறேன்.

"லெச்சுமி இன்னைக்குப் போனா நாளைக்கும் வருவா. உள்ள நிக்க கேஸ் வெளிய போகல்லன்னா நாம ரெண்டு பேரும்லா போவோம்," என்றேன்.

"எங்கம்மை இருந்த வரைக்கும் பின்கதவத் தொறந்து போட்டு வெளக்கு வச்சதில்ல, கேட்டியா," என்றார்.

"உங்கம்மை பேட்டரிக்குச் சார்ஜ் போடல்ல."

இரண்டு நாள் கழித்து ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். படங்களைக் கடைக்கு மாற்றச் சம்மதிக்கவில்லை. விளக்கு எரியும் கொஞ்ச நேரம் மட்டும் சார்ஜரை நிறுத்திவிடுவதாக ஒப்புக்கொண்டார். விளக்கைக் குளிர வைத்துக் கதவைத் திறந்த பிறகு மறுபடியும் போடுவார். நிறுத்தினால் மட்டும் போதாது, முன்னாலேயே வந்த கேஸ் அங்கேதானே நிற்கும், முதலில் காற்றாட விட வேண்டும் என்று நான் சொன்னேன். "சரி, சரி," என்றார். அந்தச் சரி சரியில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் தினமும் சண்டை போட ஒரு தெம்பு வேண்டும். நான் வந்ததும் பின்கதவைத் திறப்பேன், மறுநாள் அவர் அடைப்பார். இப்படியே மழைக்காலம் ஒன்று போயிற்று.

பழவங்காடியில் ஒரு ஜவுளிக்கடைக்குக் கீழ்த்தளம் முழுக்கப் பெயர்க்கும் வேலை வந்தது. எங்கள் கோடவுனிலிருந்து நடந்து போகும் தூரம்தான். ஆனால் அந்த வண்டியை ரோட்டில் ஓட்ட முடியாது, பக்கத்தில் போவதற்கும் டெம்போதான். கடைசி நாளன்று பெரிய வேலை மத்தியானமே முடிந்துவிட்டது. சுவர் ஓரமும் தூண்களைச் சுற்றியும் வண்டி போகாது, கையால்தான் சுரண்ட வேண்டும். நான் அதற்காக நின்றுவிட்டு வண்டியை முன்னாலேயே அனுப்பிவிட்டேன். டெம்போக்காரர் போகும்போது, "சேச்சி, இன்னு வண்டிக்கு ஒரு வல்லாத்த சூடு," என்றார். வழக்கத்தை மீறிய சூடா, வெயிலில் நின்றதாக இருக்கும் என்று நினைத்தேன்.

மூலைகளை முடித்துக் கடைக்காரரிடம் தரையைக் காட்டிவிட்டுக் கிளம்பியபோது வெயில் தாழ்ந்திருந்தது. பிள்ளையார் கோயில் முன்னால் தேங்காய் உடைத்த தண்ணீரும் சில்லுமாக வழுக்கியது. கும்பிடக் கையைத் தூக்கினேன், தோள் பாதியிலேயே நின்றுவிட்டது. பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு நடந்தேன். குளித்துவிட்டுப் படுக்க வேண்டும் என்பது தவிர மனதில் வேறு ஒன்றும் இல்லை.

சந்தில் திரும்பியதும் மூக்கில் அறைந்தது. எங்கள் சந்தில் மிளகாய், பெருங்காயம், புண்ணாக்கு என்று எப்போதும் ஏதாவது மணந்துகொண்டுதான் இருக்கும். இது அதில் எதுவும் இல்லை. முட்டை வாங்காத வீட்டில் பிறந்து வாழ்க்கைப்பட்ட எனக்கும் அது என்ன என்று அந்த நொடியே தெரிந்தது. வந்தால் தெரியும் என்று அந்த ஆள் சொன்னது சரிதான்.

கடை வாசல் அகலத் திறந்திருந்தது. நிலைவாசலைத் தாண்டிப் பார்த்தேன். கோடவுனில் டியூப்லைட் எரிந்தது. பின்கதவு தாழிட்டிருந்தது. வண்டி சுவரோரம் நின்றது. அவர் குளித்து, நெற்றிக்கு இட்டு, முதுகு வலியோடு ஒரு ஸ்டூலில் ஏறி, சாமிப் பலகைக்கு நேராக நின்றிருந்தார். விளக்கில் திரி போட்டாயிற்று. இடது கையில் தீப்பெட்டி, வலது கையில் குச்சி.

கத்த வேண்டும் என்று நினைத்தேன். நாள் முழுக்க முகமூடிக்குள் இருந்த தொண்டையில் சத்தம் வரவில்லை. ஓடினேன் என்று சொல்ல ஆசைதான். என் கால் அன்றைக்கு ஓடுகிற நிலையில் இல்லை. கையில் இருந்த பையைக் கீழே போட்டுவிட்டு உள்ளே நடந்துபோய் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தேன். ஸ்டூலிலிருந்து தடுமாறி இறங்கியவர் கோபமாகத் திரும்பினார்.

"என்ன காரியம் செய்யுக? விழுந்திருந்தா?"

"தீப்பெட்டிய இஞ்ச தாங்க."

"சார்ஜரு ஆஃப்லா கெடக்கு. நீ சொன்ன மாதிரி நிறுத்தியாச்சு. பின்ன என்னா?"

சுவரைப் பார்த்தேன். சுவிட்ச் அணைந்துதான் இருந்தது. அவர் சொன்னது பொய்யில்லை. நாங்கள் பேசி முடிவெடுத்தபடி சார்ஜரையும் நிறுத்தி, அவர் அம்மா வழக்கப்படி கதவையும் அடைத்திருந்தார். இரண்டு பக்கத்துக்கும் குறை வைக்காமல்தான் அந்தக் குச்சியை எடுத்திருந்தார்.

"உங்களுக்கு மணக்கல்லியா?" என்றேன்.

"மணக்குது."

"என்ன மணக்குது?"

அவர் கண் பலகையில் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. "சாம்பிராணி," என்றார்.

சாம்பிராணி பொட்டலம் பிரிக்காமல் படத்துக்குப் பக்கத்தில் இருந்தது.

நான் தீப்பெட்டியை வாங்கிக்கொண்டேன். எந்த சுவிட்சையும் தொடவில்லை, எரிந்துகொண்டிருந்த டியூப்லைட்டை அணைக்கவும் இல்லை, வண்டியிலிருந்து வயரைப் பிடுங்கவும் இல்லை. தாழ்ப்பாளைப் பைய நீக்கிப் பின்கதவை முழுக்கத் திறந்து, அவர் கையைப் பிடித்துச் சந்துக்கு வெளியே கூட்டிக்கொண்டு போனேன். இரும்புத் தாழ்ப்பாள், இரும்புக் கொக்கி, உரசினால் அதிலிருந்தும் பொறி வரலாம் என்றுதான் பைய நீக்கினேன். மிளகாய் மண்டிக்காரரிடம் யாரும் எங்கள் பக்கம் பீடி பற்ற வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அவர் கடையின் சாக்கு அடுக்கில் இருவரும் உட்கார்ந்தோம். அப்போதுதான் இந்த மனிதர் இல்லாமல் போயிருப்பார் என்பது கொஞ்சம் கொஞ்சமாக உறைத்தது. நடந்து வரும்போது தேங்காய்ச் சில்லுக்குப் பயந்து நான் இன்னும் பைய நடந்திருந்தால் போதும்.

பேட்டரிகளில் ஒன்று கெட்டுப்போயிருந்தது, பிறகு பார்த்தோம். அதன் பக்கம் புடைத்து, தொட முடியாமல் கொதித்தது. அவர் மூடியைத் திறந்து வைத்துச் சூடு அடங்கக் காத்திருந்திருக்கிறார். மற்றவை ஆறிவிட்டன, அந்த ஒன்று மட்டும் ஆறாமல் இருந்தபோதே அவர் சார்ஜ் போட்டிருக்கிறார். எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கிற வழக்கம் இல்லை, மூக்கே போதும் என்று நாங்கள் இருந்துவிட்டோம்.

"எப்போ தொட்டு மணக்கல்ல?" என்று சாக்கின் மேல் உட்கார்ந்தபடியே கேட்டேன்.

"அந்தக் கொரோனாக் காச்சல் வந்துச்சுல்லா. அதுக்குப் பெறகு ஒண்ணும் மணக்கல்ல."

அந்தக் காய்ச்சல் வந்தது வண்டி வாங்குவதற்கும் முன்னால். காய்ச்சல் வந்தவர்களுக்கு மணம் போவதும் திரும்புவதும் அன்று ஊரெல்லாம் நடந்ததுதான். எனக்கும் போய் வந்தது. அவருக்கும் வந்துவிட்டது என்றுதான் அவர் அப்போது சொன்னார்.

"நேத்துகூட ரசம் நல்ல மணம்னு சொன்னீங்களே."

"கடுகு பொட்டுக சத்தம் கேட்டா சொல்லுவேன்."

எத்தனை வருஷம் அவர் மேஜையில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்திருக்கிறார். நானோ, மனிதருக்கு வேறு எதில் குறை சொல்லத் தெரிந்தாலும் என் ரசத்தைப் பாராட்டத் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அழுகையெல்லாம் பிறகுதான்.

"எங்கிட்ட ஏன் சொல்லல்ல? நீங்களும் போயிருப்பீங்க, சந்தும் போயிருக்கும்."

"சொன்னா சார்ஜ் போடதையும் நீயே எடுத்துக்கிடுவ," என்றார். என்னைப் பார்க்காமல் எதிர்ச்சுவரைப் பார்த்துச் சொன்னார். "பின்ன நான் இந்தக் கடையில என்ன செய்ய?"

எடுத்துக்கொள்ளத்தான் போகிறேன் என்பது எங்கள் இருவருக்கும் அப்போதே தெரிந்திருந்தது. மூக்கு இல்லாதவரை அந்த அறையில் தனியாக விட முடியாது. அவர் மனம் நோகும் என்பதற்காக அவர் உயிரை நான் கொடுக்க முடியாது. ஓட்டுவதும் நான், கழுவுவதும் நான், இனி சார்ஜ் போடுவதும் நான்தான் என்று நினைத்தபோது, உண்மையைச் சொன்னால், அவருக்காக வருத்தப்படுவதற்கு முன்னால் எனக்காக அலுப்பாக இருந்தது. சந்தில் தெருவிளக்கு எரியும்வரை அந்தச் சாக்கின் மேலேயே உட்கார்ந்திருந்தோம். மிளகாய் நெடியில் நான் தும்மினேன். அவர் தும்மவில்லை.

கெட்ட பேட்டரியை மாற்ற மெக்கானிக் வந்தார். அதற்கிடையில் ஒரு காலையில், நான் சொல்லாமலே, வீட்டுக்காரர் சாமி படங்களை ஒவ்வொன்றாக இறக்கித் துடைத்து முன்கடையில் வாசலைப் பார்த்து மாட்டினார். ஆணி அடிக்கும்போது முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் உதவிக்குப் போகவில்லை. கடைக்காரர் தன் கடையில் ஆணி அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வண்டி மறுபடியும் வேலைக்குப் போய் வந்த அன்று சாயங்காலம் முதல் தடவையாக நானே சார்ஜ் போட்டேன். கையைக் கழுவிக் கையுறை போட்டேன். ஒவ்வொரு பேட்டரியின் பக்கத்திலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். மூடியைத் திறந்து தண்ணீர் மட்டம் பார்த்தேன். வயரை மாட்டி, பின்கதவு திறந்திருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, சுவிட்சைப் போட்டேன். சார்ஜர் உறுமத் தொடங்கியது. முன்கடையில் அவர் விளக்கேற்றத் தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது. விளக்கு வைக்கும் நேரத்தில் பின்கதவு திறந்து கிடப்பது எனக்கே ஒரு மாதிரி உறுத்தியது.

பிறகு அவர் கோடவுனுக்குள் வந்தார். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்கதவைத் தாண்டிச் சந்தில் போட்டு, கதவின் மேல் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார். கதவு சுவரோடு ஒட்டி நின்றது.

"அங்க எதுக்கு இருக்கீங்க?" என்றேன்.

"காத்தடிச்சா கதவு அடைஞ்சுக்கிடும். பிடிச்சுக்கிட ஒரு ஆளு வேணும்லா?"

கதவைத் திறந்து நிறுத்த ஒரு செங்கல் போதும். சந்தில் அவர் காலடியிலேயே நாலைந்து கிடந்தன. அவருக்கும் அது தெரியும்.

"ஆமா, வேணும்," என்றேன்.